முள் ஆடினால் போதுமா?

மத்திகிரி கூட்டு ரோட்டில் நின்று 'கம்ப்ரஸர்' எங்கே என்று கேட்டால், பஞ்சர் ஒட்டும் கடைக்கோ, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏதாவதொரு சிறு பட்டறைக்கோதான் வழி காட்டுவார்கள். ஓசூர் தொழிற்பேட்டைகளை ஒட்டி வளர்ந்த ஊர் அந்தச் சொல்லை அப்படித்தான் புரிந்துகொள்ளும். நான் எழுத வந்தது இன்னொரு கம்ப்ரஸரைப் பற்றி. அது காற்றை அமுக்குவதில்லை; ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்குகிறது. ஒரு காலத்தில் முள் வைத்த இரும்புப் பெட்டியாக இருந்தது, இன்று கணினியின் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் 'பிளக்-இன்' ஆகிவிட்டது. திரைப்பாடல், தொலைக்காட்சிச் செய்தி, பண்பலை வானொலி, யூடியூப் சொற்பொழிவு என நாம் அன்றாடம் கேட்பவற்றில் பெரும்பகுதி அதன் கைபட்டே வருகிறது.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பு படிப்பவர்களுக்காகப் பாடங்களை ஒலிவடிவில் பதிவு செய்து வருகிறேன். கம்பெனிப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் கைபேசியில் கேட்டுக்கொள்வார்கள். பதிவு செய்து தருபவர் என் பழைய மாணவர். மத்திகிரியில் வீட்டு மாடியில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த மொழியில் பக்திப்பாடல் வந்தாலும் பதிவு செய்வார். எல்லையோர ஊரில் மூன்று மொழியும் தெரியாமல் பிழைக்க முடியாது.

இருபத்தேழு பாடங்கள் முடிந்திருந்த நிலையில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பல ஆண்டுகள் பிரஸ் ஷாப்பில், அதாவது தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் பிரிவில், வேலை செய்தவர். காது கொஞ்சம் மந்தம். "சார், முதல் பத்துப் பாடம் நல்லாப் புரிஞ்சது. அதுக்கப்புறம் சத்தம் பெருசா இருக்கு, ஆனா வார்த்தை தெரியலை" என்றார். சத்தம் பெரிதாகியும் சொல் தெரியாமல் போகுமா? மாணவரிடம் கேட்டேன். அவர் கணினித் திரையைக் காட்டினார். "மீட்டர் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். சொல்லப்போனா முதல் பத்துப் பாடத்துலதான் முள்ளே ஆடலை. பத்துக்கு அப்புறம் சரிபண்ணிட்டேன்."

'சரிபண்ணிட்டேன்' என்ற அந்தச் சொல்லில்தான் கோளாறு ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று மாலைகள் ஆயின.

கம்ப்ரஸர் என்ன செய்கிறது என்பதை வருமான வரியைக் கொண்டு விளக்குவது எனக்கு எளிது. வரிவிலக்கு வரம்பு என்று ஒன்று உண்டல்லவா? அதற்குக் கீழ் உள்ளவரிடம் எதுவும் பிடிப்பதில்லை. வரம்பை மீறும் தொகைக்கு மட்டும் வரி. கம்ப்ரஸரிலும் ஒரு வரம்பு உண்டு, ஒரு விகிதமும் உண்டு. விகிதம் 4-க்கு 1 என்றால், வரம்புக்கு மேல் போகும் ஒவ்வொரு 4 டெசிபலிலும் 1 மட்டுமே வெளியே விடப்படும். அதாவது மிகைக்கு 75 விழுக்காடு வரி. 1973-74-இல் இந்தியாவில் உச்ச அடுக்கின் வருமான வரி, மேல்வரியோடு சேர்த்து 97.75 விழுக்காடு. அதை ஒலியின் மொழியில் சொன்னால் ஏறத்தாழ 44-க்கு 1. இத்தனை கடுமையான கம்ப்ரஸரை ஒலிப்பதிவாளர்கள் 'லிமிட்டர்' என்பார்கள்.

ஒரு சிறு கணக்கு. கணினி ஒலியில் உச்ச எல்லை 0 டெசிபல். அதற்கு மேல் இடமில்லை, மற்றதெல்லாம் கீழே, எதிர்மறை எண்களில். வரம்பை −20 என்றும் விகிதத்தை 4-க்கு 1 என்றும் வைப்போம். உரக்கச் சொன்ன ஒரு சொல் −8-இல் வருகிறது. மிகை 12, அதில் மிஞ்சுவது 3. ஆக, −17-இல் வெளியேறும். பிடித்தம் 9 டெசிபல். தாழ்ந்த குரலில் சொன்ன இன்னொரு சொல் −26-இல் வருகிறது. அது வரம்புக்குக் கீழே, ஆகவே அப்படியே போகும். முன்பு இரண்டுக்கும் 18 டெசிபல் இடைவெளி இருந்தது, இப்போது 9. ஏற்றத்தாழ்வு குறைந்தது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கதை இதோடு முடிவதில்லை. பிடித்த வரியை அரசு திரும்பச் செலவிடுவதுபோல, குறைத்த 9 டெசிபலைக் கம்ப்ரஸர் ஒட்டுமொத்தமாக எல்லாவற்றின் மேலும் ஏற்றிவிடும். பல பிளக்-இன்களில் இது தானாகவே நடக்கும். உரத்த சொல் −17-இலிருந்து மீண்டும் −8-க்கு வந்துவிடும். தாழ்ந்த சொல் −17-க்கு ஏறும். அறையில் −60-இல் முனகிக்கொண்டிருந்த மின்விசிறியும் −51-க்கு ஏறிவிடும்.

இப்போது வெளியீட்டு மானியைப் பாருங்கள். அது உச்சத்தைக் காட்டும் மானி. முன்பும் −8, இப்போதும் −8. மானியின் கணக்கில் எதுவுமே நடக்கவில்லை. காதின் கணக்கிலோ, தாழ்ந்த சொற்களும் பின்னணி இரைச்சலும் 9 டெசிபல் உயர்ந்துவிட்டன.

இதில் மூன்று வெவ்வேறு அளவுகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே வந்த ஒலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, வெளியே போன ஒலி எவ்வளவு. மொத்த வருமானம், கட்டிய வரி, கையில் வந்த பணம் ஆகிய மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஒலிப்பதிவாளர்களையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் கருவியே அப்படி அமைந்திருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் வந்த எல்.ஏ.-2ஏ என்ற புகழ்பெற்ற கம்ப்ரஸர் பெட்டியில் ஒரே ஒரு முள்தான். ஒரு திருகியைத் திருப்பினால் அது வெளியீட்டைக் காட்டும், இன்னொரு நிலையில் பிடித்தத்தைக் காட்டும். பிடித்தம் காட்டும் நிலையில் முள் 0-இல் நிற்கும். ஒலி வரம்பைத் தாண்டும்போது இடப்பக்கம் சாயும். வேலை நடக்காதபோது வலக்கோடியில் நிமிர்ந்து நிற்பதும், வேலை நடக்கும்போது படுப்பதும் அதன் இயல்பு. இன்றைய பிளக்-இன்கள் பல, அந்தப் பெட்டியின் முகத்தை அச்சு மாறாமல் வரைந்து வைத்திருக்கின்றன. அழகுக்காக வரைந்தது புதியவருக்குப் புதிராகிவிடுகிறது.

என் மாணவருக்கு நேர்ந்தது இதுதான். முதல் பத்துப் பாடங்களில் என் குரல் −30 அளவில் தாழ்ந்து பதிவாகியிருந்தது. வரம்பு −20. ஆகவே கம்ப்ரஸர் எதையும் தொடவில்லை. முள் 0-இல் அசையாமல் நின்றது. பிளக்-இன் பழுது என்று எண்ணிய அவர், முள் நன்றாக ஆடும்வரை உள்ளீட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். பதினோராம் பாடத்திலிருந்து முள் ஆடியது. அன்றிலிருந்துதான் காது மந்தமான அந்த மனிதருக்குப் பாடம் புரியாமல் போனது.

பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கை குறித்துச் சொன்ன கருத்தொன்று எங்கள் துறையில் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓர் அளவீட்டை இலக்காக்கிவிட்டால் அது அளவீடாகப் பயன்படாமல் போய்விடும் என்பது அதன் சாரம். வகுப்பில் இதற்குப் பணப்புழக்கத்தையும் தேர்வு மதிப்பெண்ணையும் உதாரணம் காட்டுவேன். மாடிக்கூடத்தில் ஆடிய முள்ளை அன்று எனக்குத் தெரியாது.

அந்த முள் காட்டிய எண்ணாவது உண்மையா என்று அடுத்துப் பார்த்தோம். அது 4, 5 டெசிபல் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு குறைவான பிடித்தம் பேச்சைக் கெடுக்காது. விடை முள்ளின் பரம்பரையில் கிடைத்தது. வி.யு. மானி என்ற இந்த முள் மானியை அமெரிக்காவின் சி.பி.எஸ்., என்.பி.சி. வானொலி நிறுவனங்களும் பெல் ஆய்வகமும் சேர்ந்து 1939-இல் தரப்படுத்தின. ஓர் ஒலி வந்தால் முள் அதன் முழு அளவை எட்ட சுமார் 300 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எடுத்துக்கொள்ளும். பேச்சின் சராசரி ஓட்டத்தைப் பார்க்க அது மிகப் பொருத்தம். ஆனால் 'ப', 'ட', 'க' போன்ற வல்லினங்களின் வெடிப்பு பத்து, இருபது மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். முள் கிளம்புவதற்குள் அது போய்விடும். எங்கள் கம்ப்ரஸர் அந்த வெடிப்புகளைப் பன்னிரண்டு டெசிபல்வரை வெட்டிக்கொண்டிருந்தது. மெதுவான முள்ளோ அதைச் சராசரியில் கரைத்து 5 என்றது. மாநிலத்தின் சராசரி மழையைப் பார்த்து ஓர் ஊரில் வெள்ளமே இல்லை என்று சொல்வதற்கு இது சமம்.

இன்னொரு குழப்பம் வேறு இருந்தது. ஒரே ஒலிக்கு முள் மானி 0 என்றும் கணினியின் பட்டை மானி −18 என்றும் காட்டின. இடையில் பதினெட்டு டெசிபல் காணாமல் போய்விட்டதாக மாணவர் இரண்டு நாள் தேடினார். காணாமல் எதுவும் போகவில்லை. பழைய முள் மானியின் 0 என்பது 'வழக்கமான வேலை மட்டம்'. அதற்கு மேலும் இடம் உண்டு. கணினியின் 0 என்பது கூரை. பல பிளக்-இன்களில் கணினியின் −18-ஐ முள்ளின் 0-க்கு இணையாக வைக்கிறார்கள். சிலர் −20 வைப்பார்கள். கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரத்தையும் வீட்டுத் திண்ணையிலிருந்து அளந்த உயரத்தையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டால் யார் வெல்வது?

மானி நம்பத்தக்கதா என்று சோதிக்க, காதையும் இசையையும் ஒதுக்கிவிட்டு, கையால் கணக்குப் போடக்கூடிய ஒலியைக் கொடுப்பதே சிறந்த வழி. ஒலிப்பதிவு மென்பொருள்களில் சீரான ஒற்றைச் சுரத்தை எழுப்பும் வசதி உண்டு. 1000 ஹெர்ட்ஸ் சுரத்தை −8 உச்சத்தில் வைத்து, வரம்பு −20, விகிதம் 4-க்கு 1, தானியங்கி ஏற்றம் அணைப்பு, வரம்பருகே வளைவில்லாத கூர்முனை என்று அமைத்தோம். பிடித்தம் 9 வர வேண்டும். மானி 6.75 காட்டினால் அதுவும் பழுதல்ல. அந்தக் கம்ப்ரஸர் உச்சத்தைப் பார்க்காமல் ஒலியின் ஆற்றல் சராசரியைப் பார்க்கிறது என்று பொருள். சீரான சுரத்தின் சராசரி அதன் உச்சத்தைவிட 3 டெசிபல் குறைவு. ஆகவே மிகை 12 அல்ல, 9. அதில் முக்கால் பங்கு 6.75. இரண்டு எண்ணும் வராவிட்டால் மட்டுமே பிளக்-இன்மேல் சந்தேகப்பட வேண்டும். எங்கள் திரையில் சரியாக 9 வந்தது. பிளக்-இன் குற்றமற்றது.

'கலவை' என்றொரு திருகியும் உண்டு. அமுக்கிய ஒலியையும் அமுக்காத ஒலியையும் கலந்து தருவது. அதைப் பாதியில் வைத்துவிட்டால் மானி 9 டெசிபல் பிடித்தம் என்று சத்தியம் செய்யும், ஆனால் வெளியே உண்மையில் குறைவது சுமார் 3.4 தான். முள் காட்டுவது கலப்பதற்கு முந்தைய கணக்கு. எங்கள் வழக்கில் அது முழு அளவிலேயே இருந்ததால் இந்தச் சந்தேகம் சீக்கிரம் தீர்ந்தது.

ஆக, வந்தவருக்கு ஏன் சொல் தெரியவில்லை என்பது விளங்கியது. பேரிரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்கும். மெய்யெழுத்துகளின் கூர்மை வாழும் பகுதி அது. உயிரெழுத்துகள் கேட்கும், மெய்கள் மங்கும். 'சத்தம் இருக்கு, வார்த்தை இல்லை' என்று அத்தகையோர் சொல்வது இதனால்தான். அப்படிப்பட்ட காதுக்கு ஒரு சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைச் சொற்களுக்கு நடுவே விழும் பள்ளங்கள்தான் காட்டிக்கொடுக்கும். நாங்கள் செய்ததோ, வல்லினத்தின் வெடிப்பை வெட்டி, மின்விசிறி இரைச்சலை ஏற்றிப் பள்ளங்களையும் தூர்த்துவிட்டோம். காதுக்கருவிகளுக்குள்ளும் கம்ப்ரஸர்தான் இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் 3-க்கு 1-ஐத் தாண்டாத மென்மையான விகிதத்தில், அலைவரிசை வாரியாக, அந்தந்தக் காதின் குறையைச் சோதித்துப் பொருத்தப்படுவது. குற்றம் அமுக்குவதில் இல்லை.

இது ஒரு மாடிக்கூடத்தின் கதையாக மட்டும் இருந்தால் நாளிதழில் எழுதியிருக்க மாட்டேன். இரவில் தொடர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விளம்பரம் வந்ததும் கை ரிமோட்டைத் தேடுகிறதே, அதுவும் இதே மானிப் பிழைதான். தொடருக்கும் விளம்பரத்துக்கும் உச்ச எல்லை ஒன்றே. தொடரில் மௌனம் இருக்கும், கிசுகிசு இருக்கும், எப்போதாவது ஓர் அலறல் எல்லையைத் தொடும். விளம்பரத்தைக் கம்ப்ரஸரில் போட்டு அமுக்கி, முப்பது விநாடியும் எல்லையை ஒட்டியே நிறுத்திவிடுவார்கள். உச்ச மானி இரண்டையும் சமம் என்றே சொல்லும். இசைத்தட்டு உலகிலும் இந்தப் போட்டி நடந்தது. 2008-இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' தொகுப்பு வந்தபோது, அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் இதைவிடக் குறைவாக அமுக்கப்பட்டுத் தெளிவாகக் கேட்பதைக் கண்ட ரசிகர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இதற்கு மாற்றாக, காது உணரும் உரப்பை அளக்கும் முறையொன்றைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வகுத்தது. உச்சத்தை விட்டுவிட்டு, காது கூர்மையாக உணரும் அலைவரிசைகளுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, கால ஓட்டத்தில் சராசரி காண்பது அது. அதன் அலகு எல்.யு.எஃப்.எஸ். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் நிகழ்ச்சிகளுக்கு −23 என்று இலக்கு வைத்தது. அமெரிக்காவில் விளம்பரங்களின் உரப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2010 டிசம்பரில் நிறைவேறி, 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டிலும் விதி உண்டு. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாவது விதி, விளம்பரத்தின் காட்சியும் ஒலியும் மிகையான உரப்போடு இருக்கக் கூடாது என்கிறது. எது மிகை? அந்த விதியில் எண்ணும் இல்லை, எந்த மானியால் அளப்பது என்றும் இல்லை. வரி உண்டு, அடுக்கு சொல்ல மாட்டோம் என்பதுபோல இருக்கிறது இது. எல்.யு.எஃப்.எஸ். அலகில் ஓர் எண்ணை அந்த விதியில் எழுதுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல; அளக்கும் மென்பொருள் மத்திகிரி மாடியில்கூட இருக்கிறது. எண் வந்தால் அதையும் ஏய்க்கப் பார்ப்பார்கள் என்பது உண்மை. இருபது விநாடி முணுமுணுத்து, கடைசிப் பத்து விநாடியில் கத்தினால் சராசரி சரியாக வந்துவிடும். ஐரோப்பியர்கள் அதையும் எதிர்பார்த்து, குறு விளம்பரங்களில் எந்த மூன்று விநாடித் துண்டும் −18-ஐத் தாண்டக் கூடாது என்று இரண்டாவது வேலி போட்டிருக்கிறார்கள்.

இரண்டு வேலி என்பது நமக்கும் புதிதல்ல. தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகள், எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்ற சராசரி வரம்போடு, திடீர் அடிகளுக்கு 140 டெசிபல் என்ற உச்ச வரம்பையும் வைத்திருக்கின்றன. இரைச்சல் மானியின் 'மெது' நிலை ஒரு விநாடியைச் சராசரி கண்டு காட்டும். பிரஸ் இயந்திரத்தின் ஓர் அடி அதைவிட மிகக் குறுகியது. அந்த அடியை அறிய உச்சத்தைப் பிடிக்கும் மானி தனியாக வேண்டும். எங்களைத் தேடி வந்தவர் வேலை செய்த இடத்தில் எந்த நிலையில் வைத்து அளந்தார்கள் என்று கேட்டேன். "ஒருத்தர் பெட்டியோட வந்து நின்னு எழுதிட்டுப் போவார் சார், என்ன எழுதினார்னு எங்களுக்குக் காட்டினதில்லை" என்றார்.

பதினொன்று முதல் பதினைந்து வரையிலான பாடங்களின் அமுக்காத மூலப்பதிவு கணினியில் தப்பியிருந்தது. மின்விசிறி இரைச்சலை வடிகட்டி, விகிதத்தை 2-க்கு 1 என்று குறைத்து, முள் எப்போதாவது மட்டும் அசையும்படி வரம்பை வைத்து அவற்றை மறுபடி தயாரித்தோம். வெளியீட்டை முன்னைய பதிவின் உரப்புக்கே சமமாக வைத்து, இரண்டையும் எது எதுவென்று சொல்லாமல் அவருக்குப் போட்டுக் காட்டினோம். சற்று உரக்கக் கேட்பதைச் சிறந்தது என்று காது ஏமாந்துவிடும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. புதியதைக் கேட்டுக்கொண்டே, நான் சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னார். பழையதில் பாதியில் நின்றுவிட்டார். மீதி பன்னிரண்டு பாடங்களுக்கு மூலம் இல்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு அவற்றை மீண்டும் பேசி வருகிறேன். இந்த வெயிலில் ஒரு மாலைக்கு ஒரு பாடத்துக்கு மேல் முடிவதில்லை.